பருத்திக்கொட்டை எண்ணெயா, செக்குக் கடலை எண்ணெயா?

மரபணு மாற்றுப் பயிர் நம் அடுப்படிக்கு இன்னும் வரவில்லை என்று நினைப்பவர்கள் சிப்ஸ் பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்கலாம். 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற, காய்ப்புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்திதான் இன்று பெரும்பாலான பருத்தி வயல்களில் விளைகிறது. அதன் கொட்டையும் எண்ணெயாகிறது; சில சிப்ஸ்கள் அதில்தான் பொரிகின்றன.

மரபணு: பருத்தி எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது புரதமும் மரபணுவும் ஏறக்குறைய முழுதும் நீங்கிவிடுகின்றன. கடலையில் அந்தக் கேள்வியே இல்லை.
விலை: பருத்தி மலிவு. செக்கு எண்ணெய் கையைக் கடிக்கும்.
மணம்: பருத்திக்குக் கிடையாது. கடலை எண்ணெயில் கடுகு வெடித்தால் அடுத்த வீட்டுக்கும் தெரியும்.

மொத்தமாக முறுக்கு சுட முன்னது, தாளிப்புக்குப் பின்னதுதான். மரபணு மாற்றம் அறவே வேண்டாம் என்பவர்களும் கடலைக்கே போகலாம். ஆனால் மதுரைக்குப் போனால், பருத்திக்கொட்டையை அரைத்துக் காய்ச்சும் பருத்திப்பாலை என்ன செய்வார்கள்?