பட்டறையில் பழைய பெல்ட் பேண்ட்சா: பல வருஷம் ஓட்டிய அனுபவம்

புளியரையில் என் மரப்பட்டறையில் ஓடும் பேண்ட்சா (இரண்டு சக்கரங்கள் மேல் வளையமாக ஓடும் பட்டை ரம்பம்), புனலூர்ப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு அறுவை மில்லில் வாங்கியது. பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்தானே, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மரமும் மெஷினும் போய்வருவது எங்களுக்குப் புதிதில்லை. 36 அங்குலச் சக்கரங்கள், முழுக்க வார்ப்பிரும்பு. முன்பு மில்லில் மெஷின்களுக்கெல்லாம் பொதுவாகச் சுழலும் நீள ஷாஃப்டிலிருந்து (சுழல்தண்டிலிருந்து) தட்டை பெல்ட் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். நான் தனி மோட்டார் வைத்தேன், பெல்ட்டை விடவில்லை.

நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும் மோட்டாரில் 5 அங்குலப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), மெஷினில் 15 அங்குலம். சக்கரம் 480 சுற்று சுற்றும், ரம்பப் பட்டை நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,500 அடி ஓடும். அயினி, பலா, தேக்கு எல்லாவற்றுக்கும் இது தாராளம். பழைய வார்ப்புச் சக்கரத்தை இதற்கு மேல் விரட்டாதீர்கள்.

இந்த மெஷினின் உயிர், ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கில் இருக்கிறது. அதன் உள்பூச்சு வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்த ஒயிட் மெட்டல். 1839இல் அமெரிக்காவில் ஐசக் பாபிட் கொண்டுவந்தது. அதைத் தூக்கிவிட்டு, குண்டுகள் உருளும் பால் பேரிங் போடச் சொல்லாத ஆள் இல்லை. நான் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். தேய்ந்தால் நம் பட்டறையிலேயே ஊற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். பழையதை உருக்கி எடுத்துவிட்டு, பேரிங் கூட்டையும் ஷாஃப்டையும் சூடாக்க வேண்டும். ஒட்டாமலிருக்க ஷாஃப்டில் விளக்குப் புகையைப் படியவிட வேண்டும். ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, நன்றாகக் காயவைத்து, நிறுத்தாமல் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். உருகியதில் காய்ந்த குச்சியை முக்கினால் கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது, அதுதான் பதம். துளி ஈரம் இருந்தாலும் வெடித்துத் தெறிக்கும், முகமூடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். ஆறிய பிறகு ஷாஃப்டில் நீல மை தடவி, பேரிங்கில் வைத்துச் சுழற்றி, அதில் மை ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்ட வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. அப்புறம் தினமும் எண்ணெய். சத்தம் லேசாக மாறினாலே எங்கள் ஆசாரி, "அண்ணாச்சி, எண்ணெய் கேக்குது" என்று குரல் கொடுத்துவிடுவார்.

தோல் பெல்ட் சாரல் காலத்தில் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடுகிறது. கேன்வாஸ் ரப்பர் பெல்ட் போட்டபின் அந்தத் தொல்லை குறைந்தது. புல்லியின் நடு மேடாக இருப்பதால் பெல்ட் தானாக நடுவுக்கு ஏறி நிற்கும். மரம் ரம்பத்தைக் கவ்வினால் பெல்ட் வழுக்கிக்கொடுக்கும், மோட்டாருக்கு அடி விழாது. ஆனால் பெல்ட்டுக்குக் கம்பிவலை மறைப்பு கட்டாயம்.

இதோடு வந்த இழைப்பு மெஷினை நான் ஓட்டவில்லை. அதில் பிளேடு பூட்டும் தலை சதுரம். மூலைக்கும் மேசைக்கும் நடுவில் விழும் இடைவெளி விரலை உள்ளே இழுத்துவிடும். உருண்டைத் தலை கடைந்து தரச் சொல்லியிருக்கிறேன், அது வரும்வரை அதில் பெல்ட் ஏறாது.