டப்பாவுக்குள்ள என்ன இருக்குங்க? – கவனக் குறைபாட்டுக்கு மூலிகை தேடிய கோவைப் பயணம்

இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடும் துறுதுறுப்பும் இருக்கிறதா என்று பார்க்க, என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் பெயர் கொடுத்தால், பல ஊர்களில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் மகனுக்கு ஒன்பது வயது. புத்தகப் பையைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வருவான், பாதிக் கணக்கில் எழுந்து போய்விடுவான், பேசுகிறவர் முடிக்கும் முன்பே பதில் சொல்லுவான். பள்ளியில் சொல்லி, ஜி.பி. என்கிற குடும்ப டாக்டர் எழுதி அனுப்பி, நாங்களும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம். ஜூலைக் கடைசியில் பள்ளி விட்டதும் ஊருக்குப் போகிறோமே, அங்கேயே கோவையில் ஒரு மதிப்பீடு செய்துவிடலாம் என்று கிளம்பினோம். என்னைப் போலவே யோசிக்கிற அப்பா அம்மாக்கள் நிறையப் பேர் இருப்பதால் பார்த்ததை எழுதுகிறேன்.

அம்மா வீடு கோபிசெட்டிபாளையம் பக்கம். ஆடிக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. பையனைப் பற்றிய சேதி எங்களுக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே மருந்துகள் வர ஆரம்பித்தன. பெரியம்மா ஒரு ஞாபக சக்தி சிரப். அத்தை ஒரு பாட்டில் சாரஸ்வதாரிஷ்டம். பக்கத்துத் தோட்டத்து அக்கா, அமெரிக்காவில் இருக்கும் மருமகள் வாங்கித் தந்த காப்ஸ்யூல் டப்பா. அதில் பத்துப் பதினைந்து செடிகளின் பெயர், ஒவ்வொன்றும் எவ்வளவு என்று மட்டும் இல்லை, எல்லாம் சேர்த்து ஒரே எடை. "கண்ணு, மூலிகைதானே, என்ன பண்ணீறப் போகுது" என்பதுதான் எல்லார் வாயிலும்.

என்ன பண்ணும் என்று பார்த்துவிடலாம். அரிஷ்டம் என்பதே புளிக்க வைத்துச் செய்வது. அதில் தானாக ஊறும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும், பாட்டிலிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு வைத்தியரைக் கேட்காமல் நாமாக ஊற்றிக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. பெரியம்மா அடுத்து வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவச் சொன்னார். பிள்ளை வளர்ப்பான் என்று பெயரே வைத்திருக்கிறோம், நானும் அதை நக்கி வளர்ந்தவள்தான். ஆனால் வசம்பு எண்ணெயிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளுக்குக் கட்டியை உண்டாக்கியது என்று, அமெரிக்காவில் 1968இலேயே வசம்பை உணவுப் பொருளில் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "எலிக்கு எதுக்குடி வசம்பு குடுத்தாங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனோம். வல்லாரைப் பொடி, நீர்ப்பிரமி, அமுக்கரா, சங்குபுஷ்பம், எல்லாம் மூட்டை மூட்டையாக. பையனுக்கு ஞாபகத்துக்கு ஏதாவது வேண்டும் என்று வேண்டுமென்றே பொதுவாகக் கேட்டேன். கடைக்காரர் எடை போடப் போகவில்லை.

"ஏனுங்க, பையனுக்கு எத்தன வயசுங்க?"

சொன்னேன்.

"மருந்தா வேணும்னா வைத்தியர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. தொவையலுக்குன்னா கீரையாவே வாங்கிக்குங்க, பொடி எதுக்குங்க?"

இந்தப் பயணத்தில் கேட்ட நல்ல ஆலோசனைகளில் அது ஒன்று. கடையில் வாங்கியது சுக்கும் மிளகும்தான்.

இதற்கு நேர் எதிர், பெரிய பலகை வைத்த ஒரு தனியார் மூலிகை மையம். ஏசி, காபி, வரவேற்பில் அன்பான பெண்கள், காத்திருக்கவே வேண்டாம். ஆலோசனைக் கட்டணம் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர் பையனின் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பள்ளியில் எப்படி, தூக்கம் எப்படி, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறானா என்று ஒரு கேள்வி இல்லை. மூன்று மாதப் 'பேக்கேஜ்' என்று பொட்டலங்களை எடுத்து வைத்தார். பொட்டலத்தின் மேல் காலை, இரவு என்பதைத் தவிர எழுத்தே கிடையாது. உள்ளே என்ன என்று கேட்டேன். "பாரம்பரிய ரகசியம்ங்க, சொல்லக் கூடாது" என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். பொட்டலம் வாங்காததில் வரவேற்புப் பெண்களின் அன்பும் கொஞ்சம் குறைந்தது.

எழுத்தில்லாத பொட்டலத்துக்கு ஏன் இவ்வளவு பயம் என்று என் தம்பி கேட்டான். பாஸ்டன் பக்கம் இந்தியக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்து 2004இல் ஒரு ஆய்வு வந்தது. 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. 2008இல் இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளைச் சோதித்தார்கள். அப்போதும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அதில் இந்தியாவில் செய்ததும் உண்டு, அமெரிக்காவில் செய்ததும் உண்டு. ஈயம் பிள்ளைகளின் மூளையில் முதலில் கை வைப்பதே கவனத்திலும் படிப்பிலும்தான். கவனத்துக்கென்று கொடுக்கிற பொடியில் அது இருந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது? எல்லா மூலிகை மருந்தும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பெயர், அளவு, தயாரிப்பு உரிமம் எண், தொகுதி எண், காலாவதித் தேதி, இவை இல்லாததைத் தொட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். உணவுச் சத்து என்று விற்பதானால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் மருந்துத் தயாரிப்பு உரிமம் இருக்க வேண்டும். அந்த எண்கள் குணமாகும் என்பதற்குச் சான்று அல்ல, யாரைப் போய்க் கேட்பது என்பதற்கு முகவரி. இங்கிலாந்துக் கடைகளில் மூலிகை மருந்தின் மேல் இருக்கும் டி.எச்.ஆர். (பாரம்பரிய மூலிகைப் பதிவு) முத்திரையும் பலனுக்குச் சான்று இல்லை. தரத்தைப் பார்த்து, நெடுங்காலப் பழக்கத்தில் இருப்பதை வைத்துக் கொடுப்பது.

கீரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டும் ஈரத்தில் படர்கிறவை, நிற்கிற மண்ணிலும் நீரிலும் இருக்கிற உலோகத்தை இழுத்துக்கொள்ளக் கூடியவை. நம் பக்கம் எந்தத் தண்ணீரில் என்ன கலந்தது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நொய்யல் நாறிப்போய், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு வந்தது. காலிங்கராயன் வாய்க்காலில் தோல், சாயக் கழிவு பற்றி ஈரோட்டுக்காரர்கள் எத்தனை வருடமாகப் புகார் சொல்லுகிறார்கள். அம்மா முன்பெல்லாம் வல்லாரையை வாய்க்கால் ஓரத்தில் பறிப்பார். இப்போது கிணற்றுத் தண்ணீர் பாயும் வாழைக்கு அடியில் ஒரு பாத்தி போட்டு வைத்திருக்கிறார். புளி, தேங்காய், வரமிளகாய் வைத்து அரைத்த துவையல், அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அவ்வளவு ருசி. பையன் தின்றான். அடங்கினானா என்றால், தட்டைக் கழுவாமல் ஓடிவிட்டான்.

தாலுகா அரசு மருத்துவமனையில் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போகலாம் என்று சொன்னது தம்பி மனைவி. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும், கூட்டம்தான், மின்விசிறி பாதிதான் சுற்றியது. பைசா செலவில்லை. உள்ளே இருந்த டாக்டர் ஒரு பெண். என்ன மருந்து சாப்பிடுகிறான், தூங்குகிறானா, குறட்டை உண்டா, காது கேட்கிறதா, பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். அத்தை கொடுத்த பாட்டிலையும் பக்கத்துத் தோட்டத்து அக்காவின் டப்பாவையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, அளவு போடாததை நானும் கொடுக்க மாட்டேன் என்று ஓரமாக வைத்தார். "பிரமி நெய் எங்ககிட்டயும் இருக்குங்க. ஆனா மொதல்ல இது என்னன்னு தெரியட்டும். கோயமுத்தூர்ல குழந்தைகள் மனநல டாக்டரப் பாத்துட்டு வாங்க, அப்புறம் நெய் குடிக்கலாம்" என்றார். சித்த மருத்துவர் ஒருவர் இப்படிச் சொன்னதும் அம்மாவுக்கும் மனம் சமாதானமானது. நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா?

கோவையில் மனநல டாக்டரிடம் நேரம் கிடைத்தது அந்த வாரத்திலேயே. கட்டணம் இங்கிலாந்துத் தனியார் கேட்பதில் ஒரு சிறு பங்கு. கண், காது பரிசோதனை அதே கட்டடத்தில். ரத்தம் எடுக்க விடிந்ததும் வீட்டுக்கே ஆள் வந்தார், இரும்புச் சத்து, தைராய்டு எல்லாம் சாயங்காலமே வாட்ஸ்அப்பில். இந்த வேகத்தை நாங்கள் இருக்கும் ரெடிங்கில் கனவில்தான் பார்க்கலாம். உளவியலாளர் பையனோடு தனியாக நேரம் செலவழித்தார், எங்களுக்குக் கேள்வித்தாள்கள் கொடுத்தார். சிக்கல் வந்தது ஒரே இடத்தில்: ஆசிரியர் நிரப்ப வேண்டிய தாள். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீட்டிலும் பள்ளியிலும் என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும் என்பது விதி. ஆகஸ்டில் இங்கிலாந்துப் பள்ளி பூட்டிக் கிடக்கிறது. மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில்தான் வந்தது. அடுத்த கோடையில் போகிறவர்கள் ஜூன் மாதமே கோவையில் பேசி, அந்தத் தாளை வரவழைத்து, பள்ளி மூடும் முன்பு நிரப்பி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். எங்களுக்குத் தற்காலிக அறிக்கைதான் கையில் வந்தது.

மூலிகை பற்றி அந்த மனநல டாக்டரிடம் நேராகவே கேட்டேன். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மேல்நாட்டு மூலிகையை 54 பிள்ளைகளிடம் எட்டு வாரம் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத வெறும் மாத்திரையை விட ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. தவிர அது மற்ற பல மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். அந்த அக்காவின் டப்பாவில் அதுவும் இருந்தது. நீர்ப்பிரமியை ஆஸ்திரேலியாவில் 6 முதல் 14 வயதுப் பையன்களிடம் 14 வாரம் சோதித்தார்கள், 2022இல் வந்தது. துறுதுறுப்பும் கவனமும் வெறும் மாத்திரையை விட மேலாக மாறவில்லை. சில சோதனைகளில் தவறு குறைந்தது, தூக்கம் கொஞ்சம் தேறியது. "அதனால ஒண்ணுமில்லைன்னும் சொல்ல மாட்டேன், மருந்துன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். மீன் எண்ணெய்? இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் நைஸ் அமைப்பு தன் 2018 வழிகாட்டியில் இதற்காக அதைக் கொடுக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது.

அப்புறம் மாத்திரை. ஏ.டி.எச்.டி.க்கு எழுதும் மெத்தில்ஃபெனிடேட்டின் பலனுக்கு நல்ல ஆதாரம் உள்ளது. ஆனால் இந்தியாவில் அது கடுமையான கட்டுப்பாட்டிலுள்ள அட்டவணை எக்ஸ் மருந்து, சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். எல்லா மெடிக்கலிலும் வைத்திருக்க மாட்டார்கள். ஏற்கெனவே அதைச் சாப்பிடும் பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள், ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காமல் டாக்டர் கடிதத்தோடு கையில் கொண்டுபோங்கள். மூன்று மாதத்துக்குக் குறைவான அளவென்றால் இங்கிலாந்திலிருந்து கொண்டுபோகத் தனி உரிமம் தேவையில்லை. எங்களுக்கு டாக்டர் எழுதவில்லை. எடை, உயரம், நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் இவற்றைப் பார்த்துக்கொண்டே கூட்டிக் குறைக்க வேண்டிய மருந்தை விடுமுறைக்கு வந்தவர்களுக்குத் தொடங்கிவிட்டு அனுப்ப மாட்டேன் என்றார். அதுவும் சரிதான்.

அதற்குப் பதில் கிடைத்தது பெற்றோர் பயிற்சி. அம்மாவையும் உட்கார வைத்தார்கள், அதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுவது, சொல்லும்போது பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்துச் சொல்லுவது, செய்ததும் உடனே சொல்லிப் பாராட்டுவது. அம்மா வீட்டுக்கு வந்து, "சாமி, மொதல்ல செருப்ப மட்டும் எடுத்து வைய்யி" என்று குனிந்து சொன்னார். எடுத்து வைத்தான்.

ஊரிலேயே இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத்திட்டத்தின் (ஆர்.பி.எஸ்.கே.) கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன, 18 வயதுவரை இலவசம். சித்தப்பா பேத்திக்கு எழுத்து குழம்புகிறது என்று அங்கேதான் போகச் சொன்னேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. தேர்வுச் சலுகைக்கு அலைகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அலையலாம்.

ஊர் திரும்பியதும் அறிக்கையை ஜி.பி.யிடம் கொடுத்தோம். கோப்பில் சேர்த்துக்கொண்டார், வரிசையில் எங்கள் இடம் மாறவில்லை. பள்ளியில் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளர் மட்டும் முழுவதும் படித்துவிட்டு, பையனை முன் பெஞ்சுக்கு மாற்றி, கணக்கைத் துண்டு துண்டாகக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார். ஆசிரியர் தாளும் செப்டம்பரிலேயே நிரப்பிக் கோவைக்குப் போய்விட்டது. முழு அறிக்கைக்காக உளவியலாளரோடு ஒரு வீடியோ அழைப்பு பாக்கி இருக்கிறது.