தி பாய்ஸ்: இரண்டாம் முறை பார்த்ததில் டாட் பற்றிச் சில வார்த்தைகள்

அலுவலக நண்பர் ஒருவர் போன மாதம் மெசேஜ் போட்டிருந்தார். “தி பாய்ஸ் அஞ்சாவது சீசனோட முடியுதாமே சார். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பார்க்கலாமா?”

ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். 2019 ஜூலையில் இந்த அமெரிக்க சூப்பர் ஹீரோ நையாண்டித் தொடரின் முதல் சீசன் வந்த வாரமே பார்த்தவன் நான். அடுத்த மூன்றையும் சூடு ஆறுவதற்குள் பார்த்தாயிற்று. ஆனாலும் பதில் வரவில்லை. சரி, இன்னொரு தடவை பார்த்துவிட்டே சொல்வோம் என்று நான்கு சீசன், 32 எபிசோடையும் மறுபடி ஓட்டினேன். இரவு பத்து மணிக்கு மேல், காதில் ஹெட்போன், கையில் ரிமோட். ஹாலுக்கு யாராவது தண்ணீர் குடிக்க வந்தால் சட்டென்று நிறுத்த வேண்டுமே.

கதைச் சுருக்கம் எழுதப் போவதில்லை. முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்துத்தான் பேசுவேன், பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதல் சீசன் கொஞ்சமும் பழசாகவில்லை. மின்னல் வேக சூப்பர் ஹீரோ ஏ-ட்ரெய்ன் ஓடுகிற வேகத்தில், ஹ்யூயி என்கிற சாதாரண இளைஞனின் காதலி சிதறிப்போகிறாள், அவள் கைகள் மட்டும் இவன் கையில் மிஞ்சுகின்றன. அந்த ரத்தத்தைவிட எனக்கு இன்றும் குமட்டுவது அதற்கு அடுத்து வருவதுதான்: 45,000 டாலர் வாங்கிக்கொண்டு வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போடு என்று, சூப்பர் ஹீரோக்களை வைத்துப் பிழைப்பு நடத்தும் வாட் நிறுவனத்து ஆள் காகிதத்தை நீட்டுகிறான். சூப்பர் ஹீரோ என்றால் கம்பெனியின் சரக்கு, உயிர்ப்பலி என்றால் கணக்கில் ஒரு செலவு. முதல் எபிசோடிலேயே விஷயம் முடிந்தது. பிறகு அந்த விமானக் காட்சி. கடத்தப்பட்ட விமானத்தைக் காப்பாற்றப் போன ஹோம்லேண்டர் (வாட்டின் முதல் நட்சத்திரம்) தன் கண்ணொளியால் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகளையே எரித்துவிடுகிறான். உடனே அத்தனை பேரையும் சாக விட்டுவிட்டுக் கிளம்புகிறான். கொஞ்ச நேரத்தில் கடற்கரையில் கேமரா முன் நின்று, எங்களை ராணுவத்தில் சேர்த்திருந்தால் இது நடந்திருக்காது என்று கண் கலங்கப் பேசுகிறான். ஹோம்லேண்டராக நடித்த ஆன்டனி ஸ்டார் அமெரிக்கரே இல்லை, நியூசிலாந்துக்காரர். அமெரிக்கக் கொடியையே கேப்பாகப் போட்டுக்கொண்டு அந்த முகத்தில் அவர் காட்டுகிற சின்னச் சின்ன துடிப்புகளுக்காகவே இதைப் பார்க்கலாம்.

ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது என் கண் வேறொரு ஆளிடம் போய் நின்றது. சக்தி, உடை, வசனம் எதுவும் பெரிதாக இல்லாதவன். பெயர் டாட். (அப்பா இல்லை. பெயரே டாட்.)

ஹ்யூயியோடு சேர்ந்து வாட்டை எதிர்க்கிற குழுவில் ஒருவனான மதர்ஸ் மில்க்கின் முன்னாள் மனைவியுடன் இப்போது வாழ்கிறவன். மூன்றாம் சீசனில் வருகிறான். முதலில் பார்த்தபோது எனக்கு இவன் ஒரு மேசை, ஒரு நாற்காலி மாதிரிதான். நல்ல மனிதன், குழந்தையிடம் பாசமாக இருக்கிறான், சமையலறையில் நிற்கிறான். டி.வி.யில் ஹோம்லேண்டர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பேச்சே இவன் பேச்சாகிறது. அவர் மனதில் பட்டதைச் சொல்கிறார், அதில் என்ன தப்பு என்கிற வகை. கத்தமாட்டான். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்வான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு டாட் இருக்கிறார்கள், இருவரும் நல்லவர்கள், ஒருவர் எனக்கு ரத்தம் கொடுத்தவர்.

சீசனின் கடைசிக் காட்சியில் ஹோம்லேண்டர் தன் மகனைக் கூட்டிவந்து ஆதரவாளர்கள் முன்னால் நிறுத்துகிறான். எதிர்த்தரப்பு ஆள் ஒருவன் வீசிய டப்பா பையன் மேல் படுகிறது. அடுத்த நொடி வீசியவன் தலை இல்லை. கூட்டம் உறைந்துவிடுகிறது. ஹோம்லேண்டரும் உறைகிறான், செய்தது தப்பு என்பதால் இல்லை, கேமராக்கள் இருப்பதால். அந்த அமைதியில் முதலில் கை தூக்கிக் கத்துவது யார்? நம்ம டாட். அவன் கத்தியதும் கூட்டமே கத்துகிறது. ஹோம்லேண்டரின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவுகிறது. ஓ, இதுகூடச் செய்யலாமா என்கிற சிரிப்பு.

2022இல் இதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன். எதற்குக் கைதட்டினேன் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

இங்கேதான் என் அக்கா மகன் வருகிறான். கல்லூரியில் படிக்கிறான். அவன் வாட்ஸ்அப் முகப்புப் படம் இரண்டு வருடமாக அதே சிரிப்புதான். அந்தக் காட்சியை வெட்டி, நம்மூர் மாஸ் பி.ஜி.எம். ஒன்றை மேலே ஏற்றி, யாரோ செய்த ஒரு நிமிட வீடியோவை எனக்கு அனுப்பினான். “டேய், அவன் அப்பாவி ஒருத்தனை எல்லார் முன்னாடியும் கொல்றான்டா” என்றேன். “மாமா, அவன் நல்லவன்னு நான் சொன்னேனா? மாஸ்னு தானே சொன்னேன்” என்றான்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவன் சொல்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. அந்தக் காட்சியை எடுத்தவர்களும் மாஸாகத்தானே எடுத்திருக்கிறார்கள்? காத்திருப்பு, அமைதி, குளோசப், ஆரவாரம் எல்லாம் இடைவேளைக் காட்சிக்கு வைக்கிற அதே இலக்கணம். 2020 நவம்பரில் வாஷிங்டனில் டிரம்ப் ஆதரவாளர்கள் கூடியபோது ஒருவர் ஹோம்லேண்டர் வேடத்திலேயே வந்தார். தொடரைப் பார்க்கிறார்களா இல்லையா இவர்கள் என்கிற மாதிரி, இதை உருவாக்கிய எரிக் கிரிப்கி தலையில் அடித்துக்கொண்டார். பார்த்திருப்பார்கள் ஐயா. நன்றாகவே பார்த்திருப்பார்கள். மார்வெல் காமிக்ஸின் பனிஷர் கதையும் இதுதான். அந்தக் கதாபாத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெரி கான்வே, போலீஸ்காரர்கள் அந்த மண்டையோட்டுச் சின்னத்தை மாட்டிக்கொள்வது தப்பு என்று வெளிப்படையாகவே சொன்னார். சின்னம் வண்டியை விட்டு இறங்கவில்லை.

இனி என் எரிச்சல். நான்காம் சீசன்.

ரசிகர்களுக்குப் புரியவில்லை என்று எழுதுகிறவர்கள் பயந்துபோனது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. பின்பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று முன்பெஞ்சின் காதில் கத்துகிற வாத்தியார் மாதிரி. ஃபயர்கிராக்கர் என்று ஒரு பாத்திரம், வாயைத் திறந்தால் நேற்றைய அமெரிக்கச் செய்தித் தலைப்பு. சதிக் கோட்பாட்டு மாநாடு, நீதிமன்றம், ஜனவரி 6 (2021இல் டிரம்ப் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் புகுந்த நாள்) எல்லாம் வரிசையாக வந்து, இது எதைக் குறிக்கிறது தெரிகிறதா, தெரிகிறதா என்று விலாவில் குத்துகின்றன. தெரிகிறது சாமி.

இதே ஆட்கள்தான் இரண்டாம் சீசனில் வேறு மாதிரி செய்தார்கள். ஏழாம் எபிசோடின் தொடக்கம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு இளைஞன். தினமும் நாஜி சூப்பர் ஹீரோயின் ஸ்டார்ம்ஃபிரண்டின் பேச்சைக் கேட்கிறான், தினமும் அதே பெட்டிக்கடைக்குப் போகிறான். நாட்கள் நகர நகர கடைக்காரரை அவன் பார்க்கிற பார்வை மாறுகிறது. கடைசியில் சுட்டுவிடுகிறான். சில நிமிடம்தான், அவன் வாயில் பெரிதாக வசனம் எதுவும் இல்லை. யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஐந்து கோடிப் பேர் உன்னை நேசிக்க வேண்டாம், ஐம்பது லட்சம் பேர் கோபமாக இருந்தால் போதும் என்று அவள் ஹோம்லேண்டருக்குச் சொல்லிக்கொடுப்பாளே, அதுவும் அந்தச் சீசன்தான்.

டாட்டுக்கு நான்காம் சீசனில் என்ன கொடுத்தார்கள்? முதல் எபிசோடிலேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். தன் ஆதரவாளன் ஒருவன் எதிர்க்கட்சியின் கையால் செத்தான் என்று காட்ட ஹோம்லேண்டருக்கு ஒரு பிணம் தேவைப்படுகிறது, அதற்கு டாட். யோசனை கொடூரமாக, சரியாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிரோடு விட்டிருந்தால் சோற்றுத் தட்டின் முன்னால் அவன் இன்னும் என்னென்ன பேசியிருப்பான்! அவனைக் கொன்றுவிட்டு அந்த இடத்தில் ஃபயர்கிராக்கரைக் கத்தவிட்டார்கள். இதை நான் மன்னிப்பதாக இல்லை.

2024இல் அந்தச் சீசன் வந்ததும் பார்வையாளர் மதிப்பெண் மளமளவென்று சரிந்தது, விமர்சகர்கள் 90க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தபோதே. தொடரில் அரசியல் புகுந்துவிட்டது என்று ஒரு கூட்டம். பிடிக்காவிட்டால் வேறு எதையாவது பாருங்கள் என்ற ரீதியில் கிரிப்கி சொல்லிவிட்டார். அரசியல் இப்போதுதான் புகுந்ததாம்! நாஜிப் பெண் ஒருத்தி ஹோம்லேண்டருக்குக் காதலியாக வந்ததே 2020இல், அது என்ன, சமையல் நிகழ்ச்சியா? அப்போது இதே தொடருக்கு ஒற்றை நட்சத்திரம் குவிந்த காரணம் வேறு: எல்லா எபிசோடையும் ஒன்றாக விடாமல் வாரம் ஒன்றாக விட்டார்கள் என்று. ரசிகன் கோபத்துக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

ஆனால் திட்டியவர்கள் எல்லோரையும் டாட் கணக்கில் சேர்த்துவிட முடியாது, அது அநியாயம். ஹ்யூயிக்கு நடந்ததைப் பாருங்கள். டெக் நைட் என்கிற சூப்பர் ஹீரோவின் நிலவறையில் அவன் மாட்டிக்கொண்டு பாலியல் ரீதியாகச் சித்திரவதைப்படுவதை நகைச்சுவையாக எடுத்திருந்தார்கள். கிரிப்கியும் ஒரு பேட்டியில் அதைச் சிரிப்பான விஷயமாகவே பேசினார். போதாததற்கு, அவன் காதலி ஸ்டார்லைட்டின் உருவத்தில் வந்த இன்னொருத்தி அவனை ஏமாற்றிப் படுக்கையைப் பகிர்கிறாள். கடைசியில் திட்டு விழுவது ஏமாந்த அவனுக்கு. முதல் எபிசோடில் ஸ்டார்லைட்டுக்குச் சக சூப்பர் ஹீரோ டீப் செய்த பாலியல் கொடுமையை அவ்வளவு பொறுப்போடு எடுத்தவர்கள்தானே? பாதிக்கப்பட்டவன் ஆண் என்றதும் அந்தப் பொறுப்பு எங்கே போனது என்று கோபப்பட்ட ரசிகர்கள் சரியாகத்தான் கோபப்பட்டார்கள். தொடர் கற்றுக்கொடுத்த பாடத்தைத் தொடரிடமே திருப்பிக் கேட்டார்கள். இவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர்களுக்காகத்தான் அவர்கள் கத்திச் சொல்லியிருக்கிறார்கள் என்பது இன்னும் கடுப்பு.

இவ்வளவும் எழுதியபின் நண்பருக்கு என்ன சொல்வது என்று பார்த்தால், நியாயமாக மூன்று சீசனை வாய்நிறையப் பாராட்டி, நான்காவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். பதில் தட்டச்சு செய்ய போனை எடுத்தேன். அக்கா மகனிடமிருந்து புது வீடியோ வந்திருந்தது. அதே டப்பா, அதே தலை, அதே சிரிப்பு, இந்தத் தடவை வேறு பி.ஜி.எம். இரண்டு தடவை பார்த்தேன். இசை பிரமாதமாகப் பொருந்தியிருந்தது.

நண்பருக்கு “வேண்டாம் சார், விட்டுடுங்க” என்று அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்து, “பார்த்தாலும் சாப்பிடும்போது மட்டும் பார்க்காதீங்க. மூணாவது சீசன்ல டாட்னு ஒருத்தன் வருவான், அவனைக் கவனிங்க” என்று இன்னொன்று.