பழைய பாய்ப்படகின் அடிநீர்ப் பம்புகளும் நீர்வாய்களும்: ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறையில் கட்டி வைத்திருக்கும் எனது பாய்ப்படகு 1970களில் வார்க்கப்பட்ட பைபர் உடலைக் கொண்டது. நீளம் 27 அடி. அதன் அடிக்குழியில் சேரும் நீரை வெளியேற்றும் பம்புகளையும், நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் உடலைத் துளைத்துப் பூட்டிய நீர்வாய்களையும் பல பருவங்களாகப் பராமரித்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: பழைய படகை வாங்குபவர் முதற்பணத்தை அந்த வாய்களை மூடித் திறக்கும் வால்வுகளுக்குச் செலவிட வேண்டும், பம்பு அதற்குப் பிறகே.

கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். நீர்மட்டத்துக்கு அரை மீற்றர் கீழே 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள வாய் ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 55 லீற்றர் கடல்நீர் உள்ளே பாயும். மணிக்கு 1100 (அமெரிக்க) கலன் என்று பெட்டியில் அச்சிட்ட பம்பு நிமிடத்துக்கு 69 லீற்றர் இறைக்கும் என்பதால் நாம் தப்பிவிடுவோம் என்று தோன்றலாம். ஆனால் அந்த அளவு நீரை உயர்த்தாமல், முழு மின்னழுத்தத்தில் எடுத்தது. ஒரு மீற்றருக்கு மேல் உயர்த்தி, உட்புறம் நெளிநெளியான மலிவு ஹோஸ் வழியாகத் தள்ளும்போது பாதிதான் வெளியே போய்ச் சேரும். நெளி ஹோஸைக் கழற்றிவிட்டு உட்புறம் வழுவழுப்பானதைப் பூட்டியபோது, பம்பை மாற்றாமலேயே வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியும் 4 ஆம்பியர் இழுக்கும் பம்பு ஓயாமல் ஓடினால், 100 ஆம்பியர்-மணி பற்றரியின் பாதிக் கொள்ளளவு 12 மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும்.

எங்கள் பகுதி மீன்பிடிப் படகுகளில் நீரை வடிக்கும் அடைப்பான் துளையைத் தவிர வேறு துளை இருப்பதில்லை; படகின் பின்புறம் வெளியே மாட்டும் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு அது தேவையுமில்லை. அதனால் நீர்வாய் வேலை தெரிந்தவரைத் தேடுவது கடினம், ஆனால் பைபர் வேலை தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டிய காலத்திலிருந்து வந்த கைத்தேர்ச்சி அது. படகைக் கரையேற்றியபோது அடியைச் சுற்றிப் பார்த்த பைபர் பாஸ் (பைபர் வேலைக் கைவினைஞர்), “அண்ணை, இவ்வளவு ஓட்டையை வைச்சுக்கொண்டு பம்பைப் பற்றி யோசிக்கிறியள்” என்றார். பயன்படாத பழைய நீர்வாய்களை அவரைக் கொண்டே அடைத்தோம். உடலின் தடிப்பைப்போல் 12 மடங்கு தூரத்துக்குத் துளையைச் சுற்றிச் சரிவாக அரைத்து, பைபர் படைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டார். இந்தப் படகில் நான் செய்வித்த வேலைகளில் மிகப் பெறுமதியானது இதுவே.

எஞ்சியவற்றில் முன்னைய உரிமையாளர் பூட்டியிருந்தவை வீட்டுக் குழாய்க்குரிய, உள்ளே தகடு ஏறி இறங்கித் திறந்து மூடும் பித்தளைக் கேற் வால்வுகள். வெளிப்பார்வைக்கு அவற்றில் குறை தெரியவில்லை. பச்சைப் பூஞ்சணம்போலப் படிந்திருந்ததைக் கத்தியால் சுரண்டியபோது மஞ்சள் நிறத்துக்குப் பதிலாக இளஞ்சிவப்புத் தெரிந்தது. சிறு சுத்தியலால் தட்டியதும் கழுத்துப் பகுதி ஈரமண் போல் உதிர்ந்தது. பித்தளையிலுள்ள நாகத்தை உப்புநீர் கரைத்தெடுத்துவிட, செம்பு மட்டும் நுண்துளைகளோடு எஞ்சி நிற்பதன் விளைவு அது. இப்போது வெண்கலத்தாலான, உள்ளே துளையிட்ட பந்து சுழன்று திறந்து மூடும் பந்து வால்வுகளே பூட்டியிருக்கிறேன். அவற்றைக் கடைக்காரரின் சொல்லை நம்பி வாங்கக் கூடாது. பித்தளையையும் வெண்கலம் என்று விற்கிறார்கள்.

திருகு விடயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே கிடைப்பவை பிரித்தானிய அளவுத் திருகுகள். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் ஓர் அங்குலத்துக்குரிய புரிகளின் எண்ணிக்கை அமெரிக்க அளவிலும் 14தான் என்பதால், அமெரிக்க நீர்வாயில் அவை ஓரளவு ஏறிப் பொருந்தியதுபோல் நின்றுவிடும். புரியின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60 பாகை. பிடித்திருப்பது ஓரிரு புரிகள் மட்டுமே என்பது நீர் கசியாதிருக்கப் பூசும் பிசினுக்குள் மறைந்துபோகும். ஆகவே வாயையும் வால்வையும் ஒரே உற்பத்தியாளரிடமிருந்து சோடியாக வரவழைப்பதே நல்லது.

ஹோஸ் கிளிப் வாங்க நான் காந்தத்துடன் போவேன். யாழ் நகர ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் பல கிளிப்புகளின் பட்டி துருப்பிடிக்காத உருக்கு, திருகாணியோ சாதாரண இரும்பு. காந்தம் திருகாணியில் ஒட்டினால் அதைக் கடையிலேயே விட்டுவிடுவேன்.

பம்பைப் பொறுத்தவரை மோட்டாரைவிட மிதவைச் சுவிச்சே முதலில் பழுதாகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் கயிற்றுத் தும்பும் அதன் கீலில் சேர, மிதவை எழும்பிய நிலையிலேயே நின்று பற்றரியைத் தீர்த்துவிடும், அல்லது எழும்பாமலே கிடக்கும். மாதம் ஒருமுறை ஒரு வாளி நீரை ஊற்றி அது தானாக இயங்குகிறதா என்று பார்க்கிறேன். அதே நாளில் எல்லா வால்வுகளையும் மூடித் திறக்கிறேன். வயர் இணைப்புகள் அடிக்குழி நீருக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். நீரில் மூழ்கிய நேர்மின் இணைப்பு வயரை அரிப்பதோடு நிற்காமல், அருகிலுள்ள உலோக நீர்வாயையும் அரித்துவிடும்.

அடியில் நிற்பது மழைநீரா கடல்நீரா என்று நாவில் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் அது பொய்க்காது. வடகீழ்ப் பருவத்து வாடை மழைக்குப் பின்னரோ கடனீரேரி நீரே உப்புக் குறைந்து எங்கள் சவர்க்கிணற்று நீர்போல் ஆகிவிடுவதால், நாவை நம்ப இயலாது. அப்போது அடிக்குழியை ஒற்றி உலர்த்தி, ஒவ்வொரு வால்வின் கீழும் செய்தித்தாள் துண்டொன்றை வைத்துவிட்டு மறுநாள் எது நனைந்திருக்கிறது என்று பார்க்கிறேன்.

இங்கு வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரையும் எட்டாது. வேறு நாடுகளில் செய்வதுபோல் வற்றுநீரில் படகைத் தரைதட்ட நிறுத்தி வால்வு மாற்ற வழியில்லை. கரையேற்றியே ஆக வேண்டும். ஆகையால் அடுத்த கரையேற்றம் வரை காலம் தள்ள, முள்முருக்குக் கட்டையில் கடைந்த கூம்பு அடைப்பான் ஒன்றை ஒவ்வொரு வால்வின் அருகிலும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மென்மரம் நீரில் ஊறிப் பருத்து இறுகும். மின்சாரம் தேவையில்லாத கைப்பம்பு ஒன்றும் இருக்கிறது. அதன் றப்பர்த் தகடு இந்த வெயிலில் வெடித்துவிடுவதால், வாடைக்கு முன்பே கழற்றிப் பார்த்து, தேவையானால் மாற்றிவிடுகிறேன்.