அப்பாவைக் காட்டின மும்பை லிவர் கிளினிக்: டாக்டர் தங்கம், ரிசப்ஷன் தகரம்

அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது லிவர் தழும்பேறி இறுகிப் போச்சுன்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு எல்லாரும் கேட்ட மொத கேள்வி எவ்ளோ குடிப்பாருன்னுதான். மனுஷன் 66 வயசு வரைக்கும் பீர் கூட தொட்டதில்ல, 20 வருஷ சுகர், ஃபேட்டி லிவர் சத்தமில்லாம முத்திப் போச்சு. சயான் கோலிவாடாலேர்ந்து ரெண்டு ட்ரெயின் மாறி இங்க கூட்டிட்டுப் போனேன். கிளினிக் பேரு போடல, திட்டும் இருக்குறதால.

திட்டை மொதல்ல முடிச்சிடறேன். லிவர் எவ்ளோ இறுகியிருக்குன்னு அளக்குற ஃபைப்ரோஸ்கேனுக்கு 3 மணி நேரமாவது வெறும் வயித்துல இருக்கணும், போன்ல புக் பண்ணப்ப ஒரு வார்த்தை சொல்லல, அப்பா வாசல்லயே டீயும் வடாபாவும் முடிச்சுட்டு ஜம்முனு வந்து உக்காந்தாரு, கவுன்டர்ல இருந்த பொண்ணு நிமிந்து கூட பாக்காம "தீன் கண்டா பைட்டியே" (மூணு மணி நேரம் உக்காருங்க)ன்னுச்சு. அரை நாள் போச்சு.

ஸ்கேன்ல வலியே இல்ல. வலது கையைத் தலைக்கு மேல தூக்கி வெச்சு விலா நடுவுல ஜெல் தடவி டக் டக்னு பத்து தடவை சுண்டறாங்க, "என்னடா கேரம் ஆடறாங்களா"ன்னாரு அப்பா. லிவர் இறுக்கம் வந்தது 28 கிலோபாஸ்கல், ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் 92 ஆயிரம். இறுக்கம் 20க்குக் கீழயும் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலயும் இருந்தா எண்டோஸ்கோபி (வாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பாக்குறது) இப்போதைக்கு வேணாம்னு விட்டுடலாமாம், நமக்கு ரெண்டுமே இல்ல.

டாக்டர்தான் இந்த இடத்தோட சொத்து. சீட்டுப் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாரு: குடல்லேர்ந்தும் மண்ணீரல்லேர்ந்தும் ரத்தம் போர்டல் வெயின் வழியாதான் லிவருக்கு வருது, லிவர் கல்லு மாதிரி ஆனா உள்ள போக வழியில்லாம பிரஷர் ஏறி, சந்து பொந்து வழியா சுத்திப் போகப் பாக்குது, அதுல உணவுக்குழாய்ல இருக்குற ரத்த நரம்பெல்லாம் புடைச்சுக்கும், ஒருநாள் வெடிச்சா ரத்த வாந்தி. தார் மாதிரி கறுப்பா மோஷன் போனா ராத்திரின்னு கூட பாக்காம எமர்ஜென்சிக்கு ஓடணும்னு அப்பாகிட்ட ரெண்டு தடவை சொன்னாரு. இதுக்கு முன்னாடி பாத்த ரெண்டு இடத்துல இதை யாரும் சொல்லல, மாத்திரை மட்டும் எழுதினாங்க.

ரத்த ஓட்டத்தைப் பாக்குற டாப்ளர் ஸ்கேன்ல, போர்டல் வெயின்ல பாதி அடைச்சு உறைஞ்ச ரத்தக் கட்டி ஒண்ணு. பிளேட்லெட் கம்மின்னா ரத்தம் உறையாதுன்னுதானே நெனச்சோம், இது எப்படின்னு கேட்டேன். உறைய வைக்குற சரக்கு, உறையாம தடுக்குற சரக்கு ரெண்டையும் லிவர்தான் செய்யுது, ரெண்டுமே குறைஞ்சா தராசு எந்தப் பக்கமும் சாயும், அதோட அந்தக் குழாய்ல ரத்தம் மந்தமா ஓடுதுன்னாரு. புடைச்ச நரம்புக்கு வழக்கமா கார்வெடிலால்னு ஒரு மாத்திரை குடுப்பாங்களாம், அப்பாவுக்கு வீசிங் இருக்கறதால அது வேணாம்னு எண்டோஸ்கோபிலயே ரப்பர் பேண்டு போட்டாரு, ரெண்டு சிட்டிங், அப்பறம்தான் ரத்தம் உறையாம இருக்க ஊசி. ஆறு மாசத்துல கட்டி சுருங்கிடுச்சு.

நாலு ஸ்டார். போறவங்க டாப்ளர் படத்தை சிடில கேட்டு வாங்கிக்கோங்க, அடுத்த ஸ்கேனோட ஒப்பிட அதுதான் வேணும், நீங்களா கேக்கலன்னா கவுன்டர்ல தர மாட்டாங்க.