பழைய படத்துக்கு எந்த டிஸ்க், பழைய காமிக்ஸுக்கு எந்தத் தொகுப்பு?

பழைய படம் ஒன்று புதிதாக ப்ளூரேயில் வந்தால், விமர்சனம் என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது கதைச் சுருக்கமும் நடிப்பைப் பற்றிய பாராட்டும்தான். படம் நல்ல படம் என்பது ஊரறிந்த விஷயம். வாங்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு: இந்த டிஸ்க்கில் இருப்பது அந்தப் படம்தானா, அல்லது யாரோ துடைத்துப் பளபளப்பாக்கிய இன்னொன்றா? காமிக்ஸ் மறுபதிப்புகளிலும் இதே சிக்கல்தான். அதனால்தான் இரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பார்க்கிறேன். என் அளவுகோல் ஒன்றே ஒன்று. உருவாக்கியவர்கள் கையிலிருந்து அது எப்படி வெளியே வந்ததோ, அதற்கு எந்தப் பதிப்பு பக்கத்தில் நிற்கிறது? சுத்தமாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு.

முதலில் டிவிடி, ப்ளூரே, 4கே மூன்றையும் முடித்துவிடலாம். டிவிடியில் படம் 480 அல்லது 576 வரிகள். ப்ளூரேயில் 1920×1080, 4கே டிஸ்க்கில் 3840×2160. டிவிடியில் பலர் கவனிக்காத குறை ஒன்று உண்டு. 576 வரி முறை புழங்கிய நாடுகளின் டிவிடிகளில், நொடிக்கு 24 பிரேம் எடுத்த படத்தைப் பொதுவாக 25 ஆக ஓட்டிவிடுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். வசனமும் பாட்டும் சுருதி ஏறி ஒலிக்கும். ப்ளூரே 24 பிரேமாகவே ஓடும் என்பதால், படத்தின் நடை திரும்பக் கிடைத்ததே எனக்குப் பெரிய லாபமாகப் படுகிறது. டிவிடியைத் தவிர வேறு வடிவில் வராத படங்களுக்கு மட்டும் டிவிடி போதும்.

ப்ளூரேயா 4கே-வா என்று கேட்டால், பெட்டி மேல் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம் என்பேன். 'ஸ்பார்ட்டகஸ்' நல்ல உதாரணம். 1960-இல் சூப்பர் டெக்னிராமா 70 முறையில் எடுத்த படம். சாதாரண 35 மி.மீ. பிரேமைவிட நெகட்டிவில் இடம் அதிகம். அதனால் விவரத்துக்குப் பஞ்சமே இல்லை. 1991-இல் பழைய படங்களைச் சீர்செய்யும் நிபுணர் ராபர்ட் ஹாரிஸ் அதை மீட்டெடுத்தார். 2010-இல் வந்த ப்ளூரேயில் கிரெய்னை, அதாவது பிலிமிலேயே இருக்கும் பொடித் துகள்களை, மென்பொருளால் தேய்த்து எடுத்திருந்தார்கள். முகங்களெல்லாம் மெழுகில் செய்தவை போல ஆகின. தூரத்தில் நிற்கும் கூட்டம் தனித்தனி ஆட்களாக இல்லாமல் குழம்பிப்போனது. ஹாரிஸே அதைக் கண்டித்தார். அப்புறம் 2015-இல் 4கே-வில் புதிதாக மீட்டெடுத்து, முந்தையதை வெளியிட்ட அதே நிறுவனம் மறுபடி ப்ளூரே வெளியிட்டது. இரண்டும் ப்ளூரே, இரண்டிலும் 1080 வரிகள், பெட்டியின் பின்பக்கத்து விவரங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்றை வாங்கலாம், மற்றதைத் தொட வேண்டாம்.

இந்தக் கிரெய்ன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். திரையில் பொடிப்பொடியாக நெளிவதைப் பார்த்து 'பிரிண்ட் பழசு' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தப் பொடி என்பது வெள்ளித் துகள். படமே அதனால்தான் ஆனது. முகத்தின் ரோமம், துணியின் நெசவு, மழைத்துளி எல்லாம் அந்தத் துகள்களில்தான் பதிந்திருக்கின்றன. துகளைத் துடைத்தால் ரோமமும் சேர்ந்து போய்விடும். கீறல், தூசு, பிரேம் ஆட்டம் இவையெல்லாம் பிற்பாடு ஏறியவை, அவற்றை எடுக்கலாம். கிரெய்ன் பிறவியிலேயே இருப்பது. ஆகவே ஒரு டிஸ்க்கைப் போட்டதும் நான் முதலில் பார்ப்பது அதிகம் அசையாத நெருக்கக் காட்சி ஒன்றைத்தான். நடிகர் அசையாமல் நிற்கும்போதும் பின்னால் உள்ள சுவரில் துகள் நெளிகிறதா? நெளிந்தால் நிம்மதி. சுவர் உறைந்துபோய்க் கிடந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஸ்ட்ரீமிங் தோற்பதும் இதே இடத்தில்தான். கிரெய்ன் பிரேமுக்குப் பிரேம் மாறுவதால், சுருக்கி அனுப்பும் மென்பொருளுக்கு அதைவிடச் செலவு வைக்கும் சமாச்சாரம் வேறில்லை. ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடமுண்டு. 4கே டிஸ்க்கில் மொத்தமாக 100-ஐயும் தாண்டும். 4கே ஸ்ட்ரீமிங் பொதுவாக 15 முதல் 25-க்குள் அடங்கிவிடும். பட்டப்பகல் காட்சியில் பெரிதாகத் தெரியாது. இருட்டறையில் ஒருவர் சிகரெட் பற்றவைக்கும் காட்சியில், புகையும் நிழலும் கட்டம் கட்டமாக உடைவது கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை பார்க்க ஸ்ட்ரீமிங் தாராளமாகப் போதும். அதைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவை எடைபோடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இனி வண்ணம். இதில் 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்' ஒரு படமே முழுப் பாடம். 1971-இல் வந்த படம். 2009 ப்ளூரேக்காக இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் தானே உட்கார்ந்து வண்ணத்தை மாற்றினார். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதன்மேல் மங்கலாக்கிய வண்ண அடுக்கு ஒன்றைப் போர்த்தினார். நிறம் வெளிறி, ஓரங்களில் கசிந்து, ஏதோ கெட்டுப்போன ஒளிபரப்பைப் பார்ப்பதுபோல இருந்தது. ஒளிப்பதிவாளர் ஓவன் ரோய்ஸ்மன் பகிரங்கமாகவே எதிர்த்தார். தன்னை யாரும் கேட்கவில்லை என்றார். 2012-இல் ரோய்ஸ்மனும் ஏற்றுக்கொண்ட வண்ணத்தோடு வேறொரு ப்ளூரே வந்தது. எது வாங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: 2012. இயக்குநருக்கு உரிமை இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. ஆனால் 1971-இல் அந்தத் தெருக்களின் அழுக்கையும் குளிரையும் பிலிமில் பிடித்தவர்கள் இருவர். ஒருவர் முப்பத்தெட்டு வருடம் கழித்து மனம் மாறினால் மற்றவரின் வேலை இல்லாமல் போய்விடாது. இதே படத்தில் 2023-இல் இன்னொன்று நடந்தது. ஸ்ட்ரீமிங்கில் இருந்த பிரதியில் இனவெறிச் சொல் வரும் ஒரு சிறு பகுதி, எந்த அறிவிப்பும் இல்லாமல் காணாமல் போயிருந்தது. ஏற்கெனவே டிஸ்க் வைத்திருந்தவர்களிடம் அது அப்படியே இருக்கிறது. டிஸ்க்கா ஸ்ட்ரீமிங்கா என்ற கேள்விக்கு இதைவிட வலுவான பதில் எனக்குத் தெரியவில்லை.

கீறலோடு வாங்க வேண்டிய படமும் உண்டு. 'மெட்ரோபோலிஸ்' 1927 படம், முதல் வெளியீட்டுக்குப் பிறகு வெட்டிக் குதறப்பட்டது. 2001-இல் முடித்த மீட்டெடுப்பு அழகானது. காணாமல் போன காட்சிகள் வர வேண்டிய இடங்களில் எழுத்தட்டை போட்டு என்ன நடந்திருக்கும் என்று சொல்லியிருப்பார்கள். 2008-இல் புவனஸ் ஐரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் ஏறக்குறைய முழுப்படமும் 16 மி.மீ. பிரதியாக அகப்பட்டது. கிட்டத்தட்ட 25 நிமிடக் காட்சிகள் திரும்பி வந்தன. ஆனால் கோடு கோடாகச் சிதைந்த நிலையில். 2010 பதிப்பில் அந்தக் காட்சிகள் வரும்போது மழைக்குள் பார்ப்பதுபோல இருக்கும், பிரேமின் ஓரமும் கொஞ்சம் குறைந்து தெரியும். பளிச்சென்ற 2001-ஐவிடக் கந்தலான 2010-ஐத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஒல்லியான உளவாளி முதலாளியின் மகனைப் பின்தொடரும் கிளைக்கதை அதில்தான் உயிரோடு இருக்கிறது. எந்த இடத்தில் எந்தப் பிரதி என்பது கண்ணுக்குத் தெரிவதும் நேர்மையான காரியம்.

சரி, காமிக்ஸுக்கு வருவோம். இங்கே கிரெய்னின் இடத்தில் இருப்பது காகிதம். பழைய அமெரிக்க காமிக்ஸ் மட்டமான நியூஸ்பிரிண்டில் அச்சானவை. மை காகிதத்துக்குள் இறங்கி மங்கும் என்று தெரிந்தேதான் வண்ணம் தீட்டினார்கள். பளீரென அடிக்கும் மஞ்சளும் சிவப்பும் அங்கே இதமாக இருக்கும். அதே சதவீத வண்ணத்தை வழவழப்பான வெள்ளை ஆர்ட் பேப்பரில் போட்டால் கண்ணைக் குத்தும். இதற்குப் பதிப்பாளர்கள் மூன்று வழி பிடிக்கிறார்கள்: பழைய அச்சுப் பக்கத்தையே ஸ்கேன் செய்து பளபளப்பில்லாத காகிதத்தில் போடுவது, கோட்டோவியத்தை எடுத்துப் புதிதாக கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டுவது, வண்ணமே இல்லாமல் கறுப்பு வெள்ளையில் போடுவது.

ஈசி என்ற அமெரிக்க காமிக்ஸ் நிறுவனத்தின் 1950-கள் திகில் கதைகள் இந்த மூன்று விதமாகவும் கிடைத்திருக்கின்றன. கறுப்பு வெள்ளைத் தொகுப்புகளில் ஓவியர்களின் தூரிகை அப்படியே தெரிகிறது; வரையக் கற்பவர்கள் அதை வாங்கலாம். கம்ப்யூட்டர் வண்ணத்தில் வந்தவற்றில் முகத்தில் படிப்படியாக மங்கும் நிழல், வானத்தில் படிப்படியாக மங்கும் நீலம் என்று அந்தக் காலத்தில் கனவிலும் இல்லாத மெருகு ஏறியிருக்கிறது. மாரி செவரின் அந்தக் கதைகளுக்குப் போட்ட வண்ணம் தட்டையானது. பயங்கரமான கட்டத்தை முழுக்க ஒரே நீலத்தில் முக்கிவிடுவார், ரத்தம் அதற்குள் மறைந்துவிடும். அது கதை சொல்லும் முடிவு, தொழில்நுட்பப் பற்றாக்குறை அல்ல. பழைய அச்சை ஸ்கேன் செய்த பதிப்புக்கே என் ஓட்டு.

'தி கில்லிங் ஜோக்' என்ற பேட்மேன் காமிக்ஸின் விவகாரம் 'பிரெஞ்ச் கனெக்‌ஷ'னுக்கு உடன்பிறப்பு. 1988-இல் ஓவியம் பிரையன் போலண்ட், வண்ணம் ஜான் ஹிக்கின்ஸ். ஊதாவும் ஆரஞ்சும் பச்சையும் போட்டியிட்டு எரியும் பக்கங்கள். அந்த வண்ணம் போலண்டின் மனதில் இருந்தது அல்ல. 2008-இல் தானே முழுவதும் மறுபடி வண்ணம் தீட்டினார். பின்னோக்கிப் போகும் காட்சிகளை ஏறக்குறைய கறுப்பு வெள்ளையாக்கி, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பொருளை மட்டும் சிவப்பாக விட்டார். பேட்மேன் மார்பில் வௌவால் சின்னத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் வட்டத்தையும் எடுத்துவிட்டார். போலண்டின் பதிப்பு அழகு, அதை மறுக்க முடியாது. கோடுகளின் நுணுக்கம் அதில்தான் முழுசாகத் தெரிகிறது. ஆனாலும் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் ஹிக்கின்ஸை வாங்குங்கள். கதை ஒரு பைத்தியக்காரக் கேளிக்கைப் பூங்காவில் நடக்கிறது. அங்கே நிறம் நிதானமாக இருந்தால் அந்த இடத்தின் விஷம் பாதி இறங்கிவிடுகிறது.

வண்ணச் சண்டையே இல்லாமல் ஜெயித்த தொகுப்பு என்றால் ஹால் ஃபாஸ்டரின் 'பிரின்ஸ் வேலியன்ட்'. 1937-இல் தொடங்கிய ஞாயிறு தொடர். செய்தித்தாளில் அச்சாகும் முன்பே எடுத்த வண்ணப் புரூஃப் தாள்களை (சோதனை அச்சுகளை) ஃபாஸ்டர் பத்திரப்படுத்தியிருந்தார். அவை சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஃபேன்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் 2009 முதல் வெளியிட்ட ஹார்ட்கவர் வரிசை அந்தத் தாள்களிலிருந்து வந்தது. சினிமாவில் ஒரிஜினல் நெகட்டிவ் கிடைப்பதற்கு நிகரான அதிர்ஷ்டம் இது. கோட்டைச் சுவரின் ஒவ்வொரு கல்லையும் பேனாக்கோடு பிரித்துக் காட்டுகிறது, நிறம் கோட்டைத் தாண்டுவதில்லை. பழைய மறுபதிப்புகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு ஆள் வரைந்தது என்றே தோன்றும்.

அளவும் முக்கியம். வின்சர் மெக்கேயின் காமிக்ஸ் தொடர் 'லிட்டில் நீமோ' 1905-இல் செய்தித்தாளின் முழுப் பக்கத்தில் வந்தது. சாதாரணப் புத்தக அளவுக்குச் சுருக்கினால் பேச்சுக்குமிழிகளைப் படிக்க உருப்பெருக்கி தேவைப்படும். 2005-இல் பதிப்பாளர் பீட்டர் மரெஸ்கா 16×21 அங்குலத்தில், அசல் அளவில் ஒரு தேர்வுத் தொகுப்பு போட்டார். கட்டிலின் கால்கள் கட்டத்துக்குக் கட்டம் நீண்டு ஊருக்குள் நடந்துபோகும் பக்கத்தை அந்த அளவில் பார்ப்பதும் சின்ன அளவில் பார்ப்பதும் இரண்டு வேறு அனுபவங்கள். எல்லாக் கதைகளும் வேண்டும் என்பவர்களுக்கு அது போதாது, முழுத் தொகுப்பைத் தேட வேண்டும். அலமாரியில் நிற்காது என்பதையும் தெரிந்தே வாங்க வேண்டும்.

ஆம்னிபஸ்ஸா (பல இதழ்களை ஒன்றாகக் கட்டிய தடிமனான தொகுப்பு) தனித்தனி புத்தகங்களா என்பதற்குச் சுருக்கமான பதில்: பைண்டிங்கைப் பாருங்கள். தைத்த பைண்டிங் என்றால் ஆம்னிபஸ் விரித்தால் தட்டையாகப் படுத்துக்கொடுக்கும். பசை மட்டும் என்றால் இரட்டைப் பக்க ஓவியங்களின் நடுப்பகுதி பள்ளத்துக்குள் போய்விடும், முகம் ஒன்று அங்கே இருந்தால் அவ்வளவுதான். 2010-இல் 'தி ராக்கெட்டீர்' தொகுப்போடு ஆரம்பித்த ஆர்ட்டிஸ்ட் எடிஷன்கள் வேறு ஜாதி. ஓவியர் வரைந்த அசல் பக்கத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்வதால் நீலப் பென்சிலும் வெள்ளைத் திருத்தமும் ஒட்டுத்தாளும் தெரியும். அது கதை படிக்க அல்ல, கையைப் படிக்க.

இரண்டு உலகத்துக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்: 'அகிரா'. கட்சுஹிரோ ஒட்டோமோவின் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 1982 முதல் 1990 வரை வந்தது, அவரே இயக்கிய படம் 1988-இல். படத்துக்கு 4கே டிஸ்க் இருக்கிறது. கையால் வரைந்த நியான் வெளிச்சத்துக்கு 4கே டிஸ்க்கின் கூடுதல் பிரகாசம் பொருந்துகிறது என்பதால் ப்ளூரேயைத் தாண்டி அதை வாங்கலாம். மங்காவில்தான் தேர்வு கடினம். 1988 முதல் அமெரிக்காவில் ஸ்டீவ் ஒலிஃப் கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டிய பதிப்பு வந்தது. ஒட்டோமோவே தேர்ந்தெடுத்த கலைஞர் அவர், வண்ணமும் அபாரம். ஆனால் இடமிருந்து வலமாகப் படிப்பதற்காகப் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டார்கள். படத்தில் டெட்சுவோ என்ற பாத்திரம் இழப்பது வலது கை. திருப்பிய பதிப்பில் போவது இடது கை. 2017-இல் வந்த பெட்டித் தொகுப்பு கறுப்பு வெள்ளை, பக்கங்கள் வலமிருந்து இடமாக, ஒட்டோமோ வரைந்த ஜப்பானிய ஓசை எழுத்துகளும் அழிக்கப்படாமல். படிக்க அதை வாங்குங்கள். ஒலிஃப்பின் வண்ணத்தைப் பார்க்க ஒன்றிரண்டு பழைய இதழ்கள் கிடைத்தால் போதும்.