ஜோகூரில் பிரேக் பேடும் அப்சார்பரும் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

கடற்பாலத்தைத் தாண்டிப் போய்க் காருக்குச் சாமான் போட்டு வரும் சிங்கப்பூர்க்காரர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஜோகூர் பாருவில் ஒரு பட்டறையில் ‘ஒரிஜினல்’ என்று சொல்லி என் காருக்கு மாட்டிய பிரேக் பேட் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. இடது முன்சக்கரத்தின் உள்பக்கப் பேட் தகட்டை விட்டுப் பெயர்ந்து வந்துவிட்டது. அன்றைக்கு மாட்டிய நான்கு அப்சார்பரும், அதாவது சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் பாகங்கள், பழசுக்குப் பெயிண்ட் அடித்தவை. அந்தக் காரில்தான் என் மனைவியும் பிள்ளைகளும் தினமும் போய் வந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை.

என்னுடையது பத்து வருடம் தாண்டிய டொயோட்டா ஆல்டிஸ். சிஓஇ, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், அதைப் புதுப்பித்து ஓட்டுகிறேன். பத்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது தெரிந்ததுதான். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் ‘டொக் டொக்’ என்று சத்தம். முன் பேடும் மாற்றும் நேரம். சிங்கப்பூரிலேயே ஊபி வட்டாரத்தில் ஒரு பட்டறையில் விலை கேட்டேன்: நான்கு அப்சார்பர், முன் பேட், கூலி எல்லாம் சேர்த்து 950 வெள்ளி. ஜோகூரில் அதே வேலைக்கு 1,300 ரிங்கிட் சொன்னார்கள். நம் கணக்கில் ஏறக்குறைய 400 வெள்ளி. ஐந்நூறு வெள்ளிக்கு மேல் மிச்சம் என்றால் யாருக்கும் மனம் அங்கேதான் போகும்.

விலை குறைவு என்பதாலேயே சந்தேகப்படவும் முடியாது. இங்கே பட்டறை வாடகை எவ்வளவு, ஒரு மெக்கானிக்கின் கூலி எவ்வளவு என்று பார்த்தால் அங்கே மலிவாக இருப்பது நியாயம்தான். ஜோகூரில் ஸ்கூடாயில் இருக்கும் என் உறவினர்கள் வருடக்கணக்காக ஒரே பட்டறைக்குப் போகிறார்கள். ஒரு குறையும் இல்லை. அக்கரையில் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

நான் போன இடம் தெரிந்தவர் ஒருவர் சொன்னது. முதலாளி நம் ஆள், என்னைவிட வயதில் சின்னவர். வாட்ஸ்அப்பில் கேட்டதற்கெல்லாம் உடனே பதில். சாமான் பெட்டிகளைப் படம் எடுத்து அனுப்பினார். நேரில் போனபோதும் கவுண்டரில் பெட்டிகளை வரிசையாக எடுத்து வைத்துக் காட்டினார். பெயர் சரியாக இருந்தது, பாகத்தின் எண் இருந்தது, மினுங்கும் ஸ்டிக்கரும் இருந்தது. “அண்ணே, பெட்டியோட பாத்துக்குங்க. எல்லாம் ஒரிஜினல்லா. ஆறு மாசம் வாரண்டி, நான் இருக்கேன்” என்றார். அப்புறம், வேலை முடிய ரெண்டு மணி நேரம் ஆகும், பக்கத்தில் வாழையிலைச் சாப்பாடு நன்றாக இருக்கும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பி வைத்தார். கார் தூக்கியிருக்கும் இடத்துக்கு வாடிக்கையாளர் வரக்கூடாது என்று பலகை வேறு.

இப்போது யோசித்தால் எல்லாமே அந்த இடைவெளியில்தான் நடந்திருக்க வேண்டும். பெட்டி கவுண்டரில் நிற்கிறது, காரில் ஏறுவது பின்னால் இருந்து வருகிறது. திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. காலிப் பெட்டிகளைக் காட்டினார்கள். கழற்றிய பழைய அப்சார்பரைக் கேட்டேன். “எண்ணெய் ஒழுகும்ணே, சீட்டெல்லாம் கெட்டுப்போகும், நாங்களே போட்டுடறோம்” என்றார்கள்.

முதல் சில வாரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பிரேக் போட்டால் கீச்சென்று சத்தம். போன் செய்தேன். “புதுப் பேட்ணே, செட்டாகணும்” என்றார். அதுவும் நடப்பதுதான் என்று சில நாள் விட்டேன். கார் மறுபடி ஆடத் தொடங்கியது. ஒருநாள் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில் சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. கை பிரேக்கையும் இழுத்து ஓரம் கட்டினேன். மகள் பின்சீட்டில் இருந்தாள்.

கயிறு கட்டி இழுக்கும் வண்டி வைத்து ஊபிக்கே கொண்டுபோனேன். அங்கே அங்கிள் ஒருவர், முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர். சக்கரத்தைக் கழற்றியதும் என்னை அருகில் கூப்பிட்டுக் காட்டினார். பேட் என்பது ஓர் இரும்புத் தகடும் அதன்மேல் அழுத்தி ஒட்டிய உராய்வுக் கட்டியும்தான். தகட்டைச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, சூட்டில் அழுத்தி ஒட்டினால்தான் அது நிற்கும். என் பேடில் தகடு வழவழவென்று இருந்தது, பசை அங்கங்கே திட்டுத் திட்டாக, நடுவில் துரு. பெயர்ந்த கட்டியை அங்கிள் நகத்தால் கீறினார். மாவு உதிர்வதுபோல் உதிர்ந்தது. தகடு நேராக உரசி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் பள்ளம் விழுந்துவிட்டது.

பிறகு ஒன்று காட்டினார், இதை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல பேடின் விளிம்பில் தயாரித்தவரின் குறியீடும் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்தும் அச்சடித்திருக்கும். எஃப்எஃப், ஜிஎஃப் என்பதுபோல. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு. ‘ஈ’ என்றால் உராய்வு 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. அவர் கடையில் இருந்த ஒரிஜினல் பேடை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் எழுத்து தெளிவாக இருந்தது. எனக்கு மாட்டியதில் நான்கு பேடிலும் ஒன்றுமே இல்லை.

அப்சார்பர் கதை இதைவிட மோசம். கழற்றிய ஒன்றை நிமிர்த்தி வைத்துத் தண்டை உள்ளே அழுத்தினார். வாயு நிரப்பிய அப்சார்பர் புதிதாக இருந்தால், கையை எடுத்ததும் தண்டு தானாக மெல்ல மேலே வரும். என்னுடையது அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டது. அடிப்பக்கத்துக் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே சின்னதாக ஒரு வெல்டிங் புள்ளி. பழைய அப்சார்பரில் துளை போட்டு, எண்ணெயை மாற்றி ஊற்றி, துளையை வெல்டிங்கால் அடைத்து, பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டிப் புதுசாக்கி விடுகிறார்கள். ஸ்டிக்கரைக் கிழித்தால் உண்மையான அப்சார்பரில் உடம்பிலேயே எண் பொறித்திருக்கும். இதில் அந்த இடத்தைத் தேய்த்து அழித்திருந்தார்கள். ‘ரீகண்டிஷன்’ என்று சொல்லியே விற்கிற கடைகள் உண்டு. விலை தெரிந்து, விஷயம் தெரிந்து வாங்குகிறவர் வாங்கட்டும். அதைப் புதுசு என்று சொல்லிப் புதுசின் காசை வாங்குவது திருட்டு. பழைய அப்சார்பரைக் கேட்டபோது ஏன் கொடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. என்னிடம் கழற்றியது இன்னொருவர் காருக்குப் புதுசாகப் போயிருக்கும்.

டிஸ்க், பேட், அப்சார்பர் எல்லாம் புதிதாகப் போட்டதில் 1,200 வெள்ளி ஆயிற்று.

இனி வாரண்டி விஷயம். எல்லை தாண்டிச் சாமான் போடுவதில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. போன் செய்தபோது, “காரை இங்க கொண்டு வாங்கண்ணே, பாத்துடலாம்” என்றார். பிரேக் போன காரை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டு எப்படிப் போவது? இங்கேயே கழற்றி, பாகங்களை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போனேன். ஒரு பார்வை பார்த்தார். “இது நாங்க மாட்டினது இல்லண்ணே. சிங்கப்பூர்ல கழட்டினவன் மாத்தியிருப்பான்.” அவ்வளவுதான். அங்கிள் கழற்றும்போது எடுத்த வீடியோவைக் காட்டினேன். அதில் கார் எண் தெரிகிறது, சக்கரம் தெரிகிறது. அதைப் பார்க்கக்கூட மறுத்துவிட்டார். மறுநாள் வாட்ஸ்அப்பில் என் எண்ணைத் தடுத்து வைத்திருந்தார். இப்படித்தான் மாட்டிக்கொள்கிறோம்: கழற்றினால் வாரண்டி போச்சு, கழற்றாவிட்டால் உயிருக்கு ஆபத்து.

இதே பாகத்தை சிங்கப்பூர்க் கடையில் வாங்கியிருந்தால் கதை வேறு. 2012 முதல் இங்கே நடப்பில் இருக்கும் குறைபொருள் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போதே இருந்த பழுதாகக் கருதப்படும். இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை. மலேசியாவிலும் வழி இல்லாமல் இல்லை. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கைக் கொண்டுபோகலாம், கட்டணம் வெறும் 5 ரிங்கிட். போலிச் சாமான் விற்பது அங்கே 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். உள்நாட்டு வர்த்தக அமைச்சுக்குப் புகார் அனுப்பலாம். நான் அனுப்பியிருக்கிறேன். ஆனால் யார் மேல் புகார் என்று எழுத வேண்டிய இடத்தில்தான் கை நின்றது. எனக்குக் கொடுத்த பில் ஒரு சாதாரண ரசீதுப் புத்தகத் தாள். ‘அப்சார்பர் 4, பேட் 1 செட்’ என்று கையெழுத்தில் இருக்கிறது. பிராண்ட் இல்லை, பாக எண் இல்லை, நிறுவனப் பதிவு எண் இல்லை. முத்திரையில் இருக்கும் பெயரும் கடைப் பலகையில் இருக்கும் பெயரும் வேறு வேறு. பில் கேட்பதைத் தயவுசெய்து சங்கடமாக நினைக்காதீர்கள். நம் ஆள், அண்ணே என்று கூப்பிடுகிறார் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

மிச்சக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மலேசியாவுக்குள் கார் நுழைய 20 ரிங்கிட் சாலைக் கட்டணம், அதோடு இரு பக்கமும் டோல். 2025 ஜூலை 1 முதல் நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர்க் காருக்கு 300 ரிங்கிட் அபராதம். முக்கால் டாங்கி பெட்ரோல் இல்லாமல் இங்கிருந்து கிளம்பவே முடியாது. 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரையிலான சாமானுக்குத்தான் வரிவிலக்கு. அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. அக்கரையில் வாங்கிய புதுச் சாமானில் கார்ப் பாகமும் அடக்கம்தான். சுங்கத்துறையிடம் சொல்லி வரி கட்டுவது முறை. இதெல்லாம் கழித்து, சனிக்கிழமை பாலத்தில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்நூறு வெள்ளி மிச்சம் என்பது நிறையவே இறங்கிவிடும்.

நான் அக்கரைக்குப் போவதை நிறுத்திவிடவில்லை. கார் கழுவ, ஏர்கான் சுத்தம் செய்ய, வீல் அலைன்மெண்ட் பார்க்கப் போவேன். கூலி மட்டுமே உள்ள வேலை அது, மாற்றி மாட்ட ஒன்றும் இல்லை. எஞ்சின் ஆயிலை இங்கே வாங்கிக் கொண்டுபோய்க் கண்முன்னால் ஊற்றச் சொல்வேன். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டயர் நான்கிலும் இனி அங்கே சாமான் மாற்ற விடமாட்டேன். டயரை ஏன் சேர்க்கிறேன் என்றால், நண்பர் ஒருவருக்குப் ‘புது’ டயர் என்று போட்டதன் பக்கவாட்டில் 1918 என்று இருந்தது. கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2018ஆம் ஆண்டின் 19வது வாரத்தில் செய்த டயர் அது. அடுக்கில் கிடந்தே கிழடான ரப்பர்.

அங்கேதான் செய்வேன் என்பவர்கள் சாப்பிடப் போகாதீர்கள். பெட்டியை உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், பேடின் விளிம்பையும் அப்சார்பரில் பொறித்த எண்ணையும் போனில் படம் எடுங்கள், மாட்டுவதை நின்று பாருங்கள். பார்க்க விடாத பட்டறை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கழற்றிய பழசைப் பையில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்மையில் அக்கரையில் பேட் மாற்றியவர்கள் பக்கத்தில் இருக்கும் பட்டறையில் முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். உள்பக்கப் பேடைத்தான் பார்க்க வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. கீச்சுச் சத்தம், பெடல் ஆழமாகப் போவது, பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே பாருங்கள், சனிக்கிழமை வரை தள்ளாதீர்கள்.